லைப்போசக்‌ஷன்: கிள்ளிப் பார்ப்பதிலிருந்து ஆறாவது மாதம் வரை, ராமநாதபுரம் கடலோரத்தாருக்கு ஒரு முழு வழிகாட்டி

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் பதினோரு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது உச்சிப்புளியில் வீட்டோடு இருக்கிறேன். ஊருக்கு வந்த பிறகு என்னிடம் சுகரையும் பிரஷரையும் பற்றிக் கேட்பவர்கள் சத்தமாகக் கேட்கிறார்கள். இதைப் பற்றிக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். "அக்கா, வயித்துக் கொழுப்ப குழாய் வச்சு உறிஞ்சி எடுத்துடுறாங்களாமே, நெசமா?" என்று கீழக்கரையில் ஒரு கல்யாண வீட்டில், கை கழுவுகிற இடத்தில் ஒரு பெண் கேட்டார். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் கேட்டான். பாம்பனிலிருந்து ஒரு அம்மா, மகளுக்கு வரன் பார்ப்பதற்குள் பத்து கிலோ குறைந்துவிடுமா என்று கேட்டார்.

அந்த அம்மாவுக்குச் சொன்ன பதிலையே முதலில் சொல்லிவிடுகிறேன். குறையாது. லைப்போசக்‌ஷன் எடை குறைக்கிற வைத்தியம் இல்லை. உடம்பில் ஓரிடத்தில் அடங்காமல் நிற்கிற கொழுப்பை எடுத்து, வடிவத்தைத் திருத்துகிற வேலை. இதைப் புரிந்துகொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் திருப்தியோடு திரும்புகிறார்கள். அப்புறம், நம் பக்கத்துக்கென்று ஒரு கவலை தனியாக இருக்கிறது: தூரம். ஆபரேஷன் மதுரையிலோ சென்னையிலோ நடக்கும். ஆனால் காய்ச்சலும் வீக்கமும் வந்தால், வேதாளையிலோ தொண்டியிலோ நம் வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கும்போதுதான் வரும். கீழே சொல்வதில் பாதி அந்தத் தூரத்தைச் சமாளிக்கத்தான்.

முதல் படி: கிள்ளிப் பாருங்கள்

நேராக நின்றுகொண்டு, தொப்புளுக்குப் பக்கத்தில் தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சேர்த்துக் கிள்ளுங்கள். கனமான மடிப்பு ஒன்று விரலுக்குள் வந்தால், அது தோலுக்குக் கீழே இருக்கிற கொழுப்பு. லைப்போசக்‌ஷன் எடுப்பது அதை மட்டும்தான்.

வயிறு பறை மாதிரி விறைத்து முன்னால் தள்ளிக்கொண்டிருக்கிறது, கிள்ளினால் மெல்லிய தோல்தான் வருகிறது என்றால், உங்கள் கொழுப்பு தசைச் சுவருக்கு உள்ளே, குடலையும் ஈரலையும் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. மல்லாந்து படுத்தாலும் அந்த வயிறு அமுங்காது. நம் ஊர் ஆண்களின் தொந்தியில் பெரும்பகுதி இந்த வகைதான். அங்கே எந்தக் குழாயும் போகாது, போகவும் கூடாது. அது கரைவது நடையாலும், சோற்றைக் குறைப்பதாலும், தேவைப்பட்டால் மருந்தாலும்தான்.

இன்ச் டேப் எடுத்து இடுப்பையும் அளந்துவிடுங்கள். இந்தியர்களுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 சென்டிமீட்டர் என்று ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் சுகருக்கும் இதய நோய்க்கும் வழி திறந்திருக்கிறது என்று பொருள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டால் சுகரும் குறையும் என்று நினைக்கிறார்கள். 2004-இல் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். உடல் பருமனான 15 பெண்களுக்கு வயிற்றிலிருந்து ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பை எடுத்துவிட்டு, சில வாரம் கழித்து ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். இன்சுலின் வேலை செய்கிற விதம், ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு எதிலும் முன்னேற்றம் இல்லை. கவனியுங்கள், அது ஆராய்ச்சிக்காக எடுத்த அளவு. சாதாரணமாக அவ்வளவு எடுக்க மாட்டார்கள்.

சுகருக்காக இதைச் செய்யப் போகிறவர்கள் இத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டு, கால் மணி நேரம் நடந்துவிட்டு வரலாம்.

இரண்டாம் படி: உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பனம்பழம் சூப்பியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நாரும் சதையும் கலந்து கிடக்கிற பழத்தைச் சூப்பும்போது சதை வாய்க்குள் வந்துவிடும், நார் கொட்டையிலேயே நிற்கும். தோலுக்குக் கீழே உள்ள கொழுப்பும் அப்படித்தான். நார் போன்ற இழைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கொத்தாக இருக்கிறது. ரத்தக் குழாய்களும் நரம்புகளும் அந்த இழைகளோடு போகின்றன. முனை மழுங்கிய, பக்கத்தில் ஓட்டை வைத்த மெல்லிய உலோகக் குழாயை உள்ளே முன்னும் பின்னும் ஓட்டினால், இழைகள் விலகி நிற்கும். கொழுப்பு மட்டும் உறிஞ்சப்பட்டு வரும். அந்தக் குழாய்க்கு கேன்யுலா என்று பெயர். பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் கனம்.

இந்த மழுங்கிய முனைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1920-களில் பாரிஸில் ஒரு மருத்துவர், நடனக்காரப் பெண் ஒருவருக்குக் காலில் கொழுப்பைச் சுரண்டி எடுக்கப் போய், ரத்தக் குழாய் சிதைந்து காலையே எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் யாரும் துணியவில்லை. 1970-களின் நடுவில் இத்தாலியில் ஃபிஷர் என்கிற தந்தையும் மகனும் குழாய் வைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார்கள். அடுத்து பிரான்சில் இல்லூஸ் என்ற மருத்துவர், மழுங்கிய குழாயோடு, முன்கூட்டியே திரவம் செலுத்துகிற வழியைச் சேர்த்தார். 1980-களின் நடுவில் கலிபோர்னியாவில் தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன், மரத்துப்போகும் மருந்தை நிறைய உப்புநீரில் கரைத்து அந்த இடம் முழுவதும் ஊறவைக்கிற முறையைக் கொண்டுவந்தார். ட்யூமசென்ட் முறை என்பது இதுதான். இன்று எங்கே போனாலும் ஏதோ ஒரு வடிவில் இதைத்தான் செய்கிறார்கள்.

அந்தத் திரவத்தைக் கலப்பது எங்கள் வேலையாக இருந்தது. ஒரு லிட்டர் சலைனில் லிக்னோகெய்ன், ஒரு ஆம்பூல் (சின்னக் கண்ணாடிக் குப்பி) அட்ரினலின், கொஞ்சம் சோடா பைகார்பனேட். லிக்னோகெய்ன் வலியை மரக்க வைக்கும். அட்ரினலின் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும், அதனால் ரத்தம் அதிகம் போகாது. பைகார்பனேட் எரிச்சலைக் குறைக்கும். சாதாரணமாக அட்ரினலினோடு லிக்னோகெய்ன் போட்டால் உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம்தான் எல்லை. இப்படி நீர்த்துக் கொழுப்புக்குள் செலுத்தும்போது மெதுவாகத்தான் ரத்தத்தில் கலக்கும் என்பதால் 35 மில்லிகிராம் வரை போகலாம். 60 கிலோ உள்ள ஒருவருக்கு 2,100 மில்லிகிராம். வயிறு, தொடை, கை, முதுகு எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

லேசர், அல்ட்ராசவுண்ட், வேசர், தண்ணீரைப் பீய்ச்சுவது, அதிரும் குழாய் என்று பல பெயர்களில் விளம்பரம் வரும். எல்லாமே கொழுப்பை முதலில் தளர்த்துகிற வழிகள். முதுகு, ஆண் மார்பு போல நார் அதிகமான இடத்தில் அவை கைகொடுக்கும். மற்றபடி கருவியைவிடக் கை முக்கியம். லேசரிலும் அல்ட்ராசவுண்டிலும் தோலைச் சுட்டுவிடுகிற ஆபத்து கூடுதலாக ஒன்று உண்டு.

மூன்றாம் படி: நீங்கள் ஏற்ற ஆளா?

எடை ஆறு மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறது, உயரத்துக்கு ஏற்ற எடைக்கு ஓரளவு பக்கத்தில் இருக்கிறீர்கள், சாப்பாட்டைக் குறைத்தும் நடந்தும் ஒரே ஒரு இடம் மட்டும் அடம் பிடிக்கிறது, கிள்ளிய தோலை விட்டால் உடனே பழைய இடத்துக்குப் போகிறது. இப்படி இருந்தால் ஏற்ற ஆள்.

தோல்தான் இதில் பலர் மறந்துவிடுகிற விஷயம். இரண்டு மூன்று பிள்ளை பெற்ற வயிற்றில் தோல் தளர்ந்து, கோடு விழுந்து, நடுத்தசை விலகிக் கிடக்கும். அங்கே கொழுப்பை மட்டும் எடுத்தால் காற்றுப் போன பலூன் மாதிரி தோல் தொங்கும். அதற்குத் தோலை வெட்டித் தைத்து, தசையைச் சேர்த்துக் கட்டுகிற பெரிய அறுவை வேறு இருக்கிறது. டம்மி டக் என்பார்கள். கீழக்கரைக் கல்யாண வீட்டில் கேட்ட பெண்ணுக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் சிசேரியன். தொப்புளுக்கு மேலே ஒரு சின்ன மேடு. இருமினால் அது கூடுகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். "முதல்ல ஒரு ஸ்கேன் எடும்மா" என்றேன். குடலிறக்கம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், வயிற்றுச் சுவரில் ஓட்டை இருப்பது தெரியாமல் குழாயை ஓட்டினால் அது குடலுக்குள் போய்விடலாம். இந்த அறுவையில் உயிரைப் பறிக்கிற விபத்துகளில் அதுவும் ஒன்று. சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடு, கர்ப்பப்பை எடுத்தது, அப்பென்டிக்ஸ் என்று வயிற்றில் எந்தத் தழும்பு இருந்தாலும், வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். மருத்துவர் எழுதாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

கட்டுப்படாத சுகர், இதய நோய், ரத்தம் உறைவதில் கோளாறு, காலில் ரத்தக் கட்டி வந்த வரலாறு, இதெல்லாம் இருப்பவர்களுக்கு வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் இப்போது வேண்டாம். தைராய்டு, பி.சி.ஓ.டி. இருந்து எடை ஏறுகிறவர்கள் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். கண்ணாடி முன்னால் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை நிற்கிற, மற்றவர் கண்ணுக்கே தெரியாத ஒரு குறைக்காக அழுகிற பிள்ளையை, அறுவை நிபுணரிடம் கூட்டிப் போவதற்கு முன்னால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

ஆண்களின் மார்பு

இதற்குத் தனியாக இடம் ஒதுக்குகிறேன், ஏனென்றால் நம் கடற்கரையில் இது வெளியே வராத துக்கம். சட்டை போடாமல் கரைவலை இழுக்கிற, துடுப்பு போடுகிற ஊரில், கடலில் குளிக்கும்போதுகூட பனியனைக் கழற்றாத பையன்கள் இருக்கிறார்கள். கேலி தாங்காமல் பள்ளி விளையாட்டை விட்டவர்களும் உண்டு. வாட்ஸ்அப் தம்பியும் இதைத்தான் கேட்டான், நாலைந்து சுற்று வளைத்து.

பருவ வயதில் மார்பு வீங்குவது சகஜம். பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானே அடங்கிவிடும். அதனால் பதினைந்து வயதுப் பிள்ளையை அவசரப்பட்டுக் கத்திக்குக் கீழே படுக்க வைக்காதீர்கள். இருபதைத் தாண்டியும் நிற்கிறது என்றால் காரணம் தேட வேண்டும்: சில மருந்துகள், ஜிம்மில் கொடுக்கிற ஸ்டீராய்டு ஊசி, ஹார்மோன் கோளாறு, ஈரல் கோளாறு. ஒரே பக்கம் கல் மாதிரி கட்டி இருந்தால் அழகைப் பற்றிய பேச்சே வேண்டாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும்.

காம்புக்குக் கீழே தேங்காய்ச் சில்லு மாதிரி கெட்டியாகத் தட்டுப்பட்டால் அது சுரப்பி. உறிஞ்சும் குழாய்க்குச் சுரப்பி வராது. காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில் சின்னதாகக் கீறி அதைத் தனியாக எடுக்க வேண்டும். "வெறும் லைப்போ போதும்" என்று சொல்லிச் செய்துவிட்டு, வீக்கம் வடிந்ததும் அந்தச் சில்லு முன்னைவிடத் துருத்திக்கொண்டு தெரிய, மறுபடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: யாரிடம், எங்கே, எவ்வளவு

பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. முடித்தவரைத் தேடுங்கள். தாடை, கை போன்ற சின்ன இடங்களை, மரக்க வைத்து மட்டும் செய்ய, பயிற்சி பெற்ற தோல் மருத்துவர்களும் இருக்கிறார்கள். பியூட்டி பார்லரும் ஸ்லிம்மிங் சென்டரும் இதில் சேராது. மருத்துவர் எழுதும் சீட்டில் அவருடைய பதிவு எண் அச்சிட்டிருக்கும். அதைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். மருத்துவமனைக்கு 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவுச் சான்றிதழ் இருக்க வேண்டும். எங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். வள்ளம் வாங்கும்போது பலகையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறோம், இதற்கு என்ன கூச்சம்.

2022 மே மாதம் பெங்களூரில் கொழுப்பு நீக்க அறுவைக்குப் போன 21 வயது கன்னடச் சின்னத்திரை நடிகை உயிரிழந்தார். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் தியேட்டரில் எல்லோரும் கொஞ்சம் மெதுவாகத்தான் பேசினோம். ஆகவே மருத்துவரிடம் இந்தக் கேள்விகளை நேராகக் கேளுங்கள். மயக்க மருந்து நிபுணர் முழு நேரமும் கூட இருப்பாரா? ஐ.சி.யு. இதே கட்டடத்தில் இருக்கிறதா? எத்தனை லிட்டர் எடுக்க உத்தேசம்? மொத்தம் 5 லிட்டரைத் தாண்டுவதைப் பெரிய அளவு என்கிறார்கள். அப்படியென்றால் இரவு தங்கவைத்துக் கண்காணிக்கிற வசதியுள்ள மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். 5 லிட்டர் என்றால் நாம் தண்ணீர் பிடிக்கிற பிளாஸ்டிக் குடத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதிலும் உள்ளே செலுத்திய திரவம் கலந்திருக்கும். தராசில் காட்டுகிற வித்தியாசம் சில கிலோதான்.

பெண்கள் இன்னொன்றும் கேளுங்கள். அறுவைக்கு முன்னும் பின்னும் படம் எடுப்பார்கள், அது தேவையானது. ஆனால் அந்தப் படம் இன்ஸ்டாகிராமுக்குப் போகாது என்று ஒப்புதல் படிவத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குறியிடும்போதும் படம் எடுக்கும்போதும் பெண் நர்ஸ் கூட இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

பணத்தைப் பொறுத்தவரை, சொல்கிற முதல் தொகையை நம்பாதீர்கள். மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், தியேட்டர், பரிசோதனைகள், இறுக்க உடை (வீக்கம் அடங்க, அறுவைக்குப் பின் உடம்போடு ஒட்டிப் போடுவது), மருந்து என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். அழகுக்காகச் செய்கிற அறுவைக்கு ஜி.எஸ்.டி. உண்டு. மற்ற வைத்தியம் மாதிரி விலக்கு கிடையாது. மருத்துவக் காப்பீட்டிலும் இது வராது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போய்ப் பயனில்லை. இதோடு மதுரையில் துணை ஆளோடு மூன்று நாள் அறை வாடகை. இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

எப்போது செய்யலாம்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வேலை இல்லை, அப்போது முடித்துவிடலாம் என்று கடலுக்குப் போகிற வீடுகளில் நினைக்கிறார்கள். வீட்டில் ஆள் இருப்பார்கள் என்பது சரிதான். ஆனால் அக்கினி வெயிலில், இந்த உப்புக் காற்றில், நாள் முழுக்க இறுக்க உடைக்குள் இருப்பது என்ன என்று போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். என்னைக் கேட்டால் தையும் மாசியும்தான் நல்ல மாதங்கள். வளைகுடாவிலிருந்து முப்பது நாள் லீவில் வருகிறவர்களுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். வீக்கம் வடிவதற்குள் விமானம் ஏற வேண்டியிருக்கும். நீண்ட நேரம் கால் மடக்கி உட்காருவது ரத்தக் கட்டிக்கு வழி.

ஐந்தாம் படி: முந்தைய சில வாரங்கள்

ரத்தப் பரிசோதனை, ரத்தம் உறையும் நேரம், சுகர், சிறுநீரகம், ஈரல், இ.சி.ஜி. எல்லாம் எடுப்பார்கள். புகையை நாலு வாரம் முன்னாலேயே விட்டுவிட வேண்டும். புண் ஆறாது, தோல் கருகும். ஆஸ்பிரின், புரூஃபென் வகை வலி மாத்திரைகள், வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை இவை ரத்தப்போக்கைக் கூட்டலாம், அதனால் நிறுத்தச் சொல்வார்கள். மீன் சாப்பிடலாம், தடை மாத்திரைக்குத்தான். இதய மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுவதையும் சொல்லிவிடுங்கள், அது ரத்தக் கட்டியின் ஆபத்தைக் கூட்டும்.

யாரும் சொல்ல மறந்துபோகிற ஒன்று இருக்கிறது. வியர்வையிலும் ஈரத்திலும் நம் பக்கம் படர்தாமரை இல்லாத வீடு குறைவு. அதற்கு இட்ராகோனசோல் மாத்திரையை மருந்துக்கடையிலேயே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். லிக்னோகெய்னைச் சிதைக்கிற ஈரல் நொதியை அந்த மாத்திரை தடுத்துவிடும். மருந்து உடம்பில் தேங்கி நஞ்சாகலாம். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாட்டிக்குகளும் அப்படித்தான். "வேற மாத்திரை ஏதும் சாப்பிடறீங்களா" என்று கேட்டால், "இல்லை" என்று சொல்வதற்கு முன் அலமாரியைத் திறந்து எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

ஆறாம் படி: அறுவை நாள்

ஆறு மணி நேரம் வெறும் வயிறு. காலையில் உங்களை நிற்கவைத்துத்தான் பேனாவால் வட்டம் போடுவார்கள், படுத்தால் கொழுப்பு இடம் மாறிவிடும் என்பதால். எந்த இடம் உங்களுக்கு உறுத்துகிறது என்று அப்போதே கையால் தொட்டுக் காட்டுங்கள்.

மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவில் சில துளைகள் போட்டுத் திரவத்தைச் செலுத்துவார்கள். தோல் வெளுத்து, விறைத்து, சில்லென்று ஆகும்வரை இருபது நிமிடம்போலக் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைச் சுருக்குகிறவர் நல்ல கைக்காரர் இல்லை. பிறகு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் வேலை. ஜாடியில் மேலே மஞ்சளாகக் கொழுப்பு மிதக்கும், கீழே இளஞ்சிவப்பில் நீர் தங்கும். கீழ்நீர் சிவந்துகொண்டே போனால் நிறுத்த வேண்டிய நேரம் என்று தியேட்டரில் எல்லோருக்கும் தெரியும்.

முடிந்ததும் இறுக்க உடை போட்டு விடுவார்கள். லிக்னோகெய்ன் ரத்தத்தில் உச்சத்துக்குப் போவது பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் அன்று இரவில். நாக்கு மரத்துப்போவது, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், உளறல், உடல் வெட்டுவது இவை அதன் அறிகுறிகள். "சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்" என்று மதுரைக்காரரிடம் சொல்லலாம், அவர் வீடு பத்து நிமிடத்தில் இருக்கும். மண்டபம் ஊர்க்காரரிடம் சொல்லக் கூடாது.

ஏழாம் படி: ஊர் திரும்புவதும் முதல் இரண்டு வாரமும்

குறைந்தது இரண்டு இரவு மதுரையிலேயே தங்குங்கள். முதல் நாளும் மறுநாளும் துளைகளிலிருந்து ரத்தம் கலந்த நீர் கசிந்துகொண்டே இருக்கும். துணி நனைந்ததும் துணைக்கு வந்தவர் மயங்கி விழாமல் இருக்க இதை முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். ரப்பர் ஷீட்டும் பழைய வேட்டியும் எடுத்துப் போங்கள். கசிவது நல்லதுதான், உள்ளே தேங்குவதைவிட.

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். காரில் ஒரே மூச்சில் வராதீர்கள். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று மூன்று இடத்திலாவது இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள். உட்கார்ந்திருக்கும்போதும் கணுக்காலை ஆட்டிக்கொண்டே இருங்கள். ரயிலில் வந்தால் நடைபாதையில் நடக்கலாம் என்பதால் எனக்கு ரயில்தான் பிடிக்கும்.

இறுக்க உடையை முதன்முதலில் கழற்றும்போது தலை சுற்றும். நின்றுகொண்டு, அதுவும் குளியலறையில் தனியாக, கழற்றவே கூடாது. கட்டிலில் உட்கார்ந்து மெதுவாகக் கழற்றி, கொஞ்ச நேரம் கழித்து எழுந்திருங்கள். இரண்டு உடை வாங்கிக்கொண்டால் ஒன்றைத் துவைத்துப் போடலாம். நம் வியர்வைக்கு ஒன்று போதாது. மடிப்புகளில் ஈரம் தங்கினால் அரிப்பும் படையும் வரும்.

வீட்டுப் பெரியவர்கள் பத்தியம் சொல்வார்கள். கருவாடு, நண்டு, கத்தரிக்காய் எல்லாம் கரப்பான், புண் சீழ் வைக்கும் என்பார்கள். ஒவ்வாமை இல்லாதவருக்கு நண்டும் மீனும் நல்ல புரதம், புண் ஆறத் தேவை. கருவாட்டையும் ஊறுகாயையும் ஒதுக்கச் சொல்வதில் மட்டும் நான் பாட்டிமார் பக்கம், காரணம் வேறு. உப்பு வீக்கத்தை இருத்திவைக்கும். அதேபோல எண்ணெய் தடவி நீவி விட வருவார்கள். மருத்துவர் சொல்லும்வரை யாரும் கை வைக்கக் கூடாது.

அறுவை நாள் மாலையிலிருந்தே அறைக்குள் நடக்க வேண்டும். உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு ஒரு வாரத்தில் போகலாம். தண்ணீர்க் குடம் தூக்குவது, வலை இழுப்பது, பாசி எடுக்கக் கடலில் இறங்குவது இவற்றுக்கு நாலிலிருந்து ஆறு வாரம். புண் முழுவதும் மூடும்வரை கடல் குளியல் கூடாது, ராமேஸ்வரம் அக்கினி தீர்த்தமும் சேர்த்துத்தான். உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்பது நம் கரையில் ஊறிப்போன நம்பிக்கை. ஆனால் வெதுவெதுப்பான கடல்நீரில் சதையைத் தின்கிற கிருமிகளும் உண்டு.

கீழே சொல்பவற்றில் ஒன்று வந்தாலும் மதுரை மருத்துவர் போன் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்: மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பம், ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலிப்பது, வயிறு கல்லாகி வாந்தி எடுப்பது, காய்ச்சல் வந்து, அடங்கியிருந்த வலி திரும்ப ஏறுவது, தோல் கருநீலமாகிக் கொப்பளிப்பது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். ஏறும்போது டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருக்க வேண்டும், எதைச் செய்தார்கள் என்று அங்கே இருப்பவருக்கு அப்போதுதான் தெரியும். பலர் வெட்கப்பட்டு, உறவுக்குத் தெரியக்கூடாது என்று சீட்டை ஒளித்துவைத்துவிட்டு, "சும்மா வயித்து வலி" என்று போய் நிற்கிறார்கள். அந்த அரை மணி நேர மறைப்பு ஆளைக் கொல்லும்.

எட்டாம் படி: ஆறு மாதம் வரை

மூன்றாவது வாரம் கண்ணாடி பார்த்து அழுகிற வாரம். வீக்கத்தால் அளவு முன்னைவிடப் பெரிதாகக்கூடத் தெரியும். கட்டி கட்டியாகத் தட்டுப்படும், தொட்டால் மரத்திருக்கும். ரத்தக்கட்டின் நீலம் இரண்டு வாரத்தில் மறையும். கெட்டி இளகச் சில மாதம், உணர்ச்சி திரும்பவும் சில மாதம். ஓரிடத்தில் தண்ணீர்ப் பை மாதிரி தளும்பினால் நீர் கோத்திருக்கிறது, மருத்துவர் ஊசியால் எடுத்துவிடுவார். இறுக்க உடை நாலிலிருந்து ஆறு வாரம்.

மூன்று மாதத்தில் வடிவம் தெரியும், ஆறு மாதத்தில் முடிவு தெரியும். எடுத்த இடத்தில் கொழுப்புச் செல்கள் குறைந்துவிட்டன, ஆனால் மற்ற இடத்தில் உள்ளவை பெருக்கத் தயாராகக் காத்திருக்கின்றன. 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தொடையிலும் அடிவயிற்றிலும் எடுத்த பெண்களுக்கு ஒரே வருடத்தில் உடம்பின் மொத்தக் கொழுப்பு பழைய அளவுக்குத் திரும்பியிருந்தது. தொடையில் அல்ல, வயிற்றில்.

மேடு பள்ளமாக இருக்கிறது, ஒரு பக்கம் கூடுதல் என்று மறுபடி திருத்தக் கேட்க நினைத்தால் ஆறு மாதம் முடியட்டும். அதற்கு முன் கை வைக்கிறேன் என்பவரிடம் போகாதீர்கள். திருத்தத்துக்குத் தனிக் கட்டணமா, தியேட்டர் செலவு மட்டுமா என்பதை முதல் அறுவைக்கு முன்பே எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

கீழக்கரைப் பெண் குடலிறக்கத்தை மட்டும் சரிசெய்துகொண்டார். லைப்போவை அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். வாட்ஸ்அப் தம்பி ஊருக்கே திரும்பி வந்த பிறகு செய்துகொண்டான், சுரப்பியையும் சேர்த்து. பாம்பன் அம்மா அப்புறம் போன் செய்யவே இல்லை.